2024-ன் கனமான ஆல்பங்கள்: காரைக்குடி மெட்டல் ரசிகர் ஒருவரின் கேள்வி பதில்

மார்கழி பிறந்ததும் அந்த வருடம் வந்த ஹெவி மெட்டல் ஆல்பங்களில் எனக்குப் பிடித்தவற்றை ஒரு தாளில் எழுதி நண்பர்களுக்குக் கொடுப்பது என் வழக்கம். அதன்பிறகு கேள்விகள் வர ஆரம்பிக்கும். காரைக்குடி டீக்கடையில் வரும், நான் கணக்கு பார்க்கும் ஆத்தங்குடி டைல் பட்டறையில் வரும், சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகும் வரும். 2024 பட்டியலுக்கு வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நேரில் அவசரத்தில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்திருக்கிறேன்.

முதலில் பட்டியலைச் சொல்லுங்கள்.

முதலிடம் ஓபெத்தின் 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்'. இரண்டாவது ஜூடாஸ் பிரீஸ்டின் 'இன்வின்சிபிள் ஷீல்டு'. மூன்றாவது பிளட் இன்கேன்டேஷனின் 'அப்சல்யூட் எல்ஸ்வேர்'. அப்புறம் ஹை ஆன் ஃபயரின் 'கமெத் த ஸ்டார்ம்', கிரிப்டாஸின் 'டெசிமேட்டர்', அல்சரேட்டின் 'கட்டிங் த த்ரோட் ஆஃப் காட்', புரூஸ் டிக்கின்சனின் 'த மேன்ட்ரேக் ப்ராஜெக்ட்', நாக்ட் லூஸின் 'யூ வோன்ட் கோ பிஃபோர் யூ ஆர் சப்போஸ்டு டு'. மொத்தம் எட்டு. பத்து என்று கணக்குக் காட்டுவதற்காக இன்னும் இரண்டைச் சேர்க்க மனம் வரவில்லை.

ஹெவி மெட்டல் என்றால் சத்தமான ராக் பாட்டுதானே?

சத்தம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 'ஹெவி' என்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் இருக்கிறது: கனம். கர்நாடக சங்கீதத்தில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்தையும் கன ராகங்கள் என்பார்கள். உரக்கப் பாடுவதால் வந்த பெயரா அது? வீணையில் தானம் வாசிக்கும்போது கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு மீட்டும் எடையோடு இறங்கும். மெட்டலில் நான் தேடுவதும் அந்த எடையைத்தான். ஒலியை எவ்வளவு குறைத்து வைத்தாலும் கனமான பாட்டு கனமாகவே இருக்கும். வெறும் சத்தத்தை வைத்து ஓட்டும் பாட்டு, ஒலியைக் குறைத்ததும் காணாமல் போய்விடும். என் பட்டியலுக்கு அளவுகோல் இது ஒன்றுதான்.

இந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்காம் என்ற தொழிற்சாலை நகரம். டோனி அயோமி என்ற 17 வயதுப் பையனுக்குத் தகட்டுத் தொழிற்சாலையில் அன்று கடைசி நாள் வேலை. இயந்திரத்தில் கை மாட்டி, வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போய்விட்டன. அவர் இடது கைப் பழக்கக்காரர், கிடாரில் தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்துகொண்டார். அழுத்துவதற்கு எளிதாக மெல்லிய தந்திகளைப் போட்டார். 1970-ல் அவருடைய பிளாக் சப்பாத் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சுருதியையே நன்றாக இறக்கிவிட்டார். தளர்ந்த தந்தியிலிருந்து எழுந்த அந்த ஆழ்ந்த ஒலியைத்தான் உலகம் முழுக்க இன்றுவரை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் பட்டறையில் முப்பது வருடமாகச் சிமென்ட் அரித்த விரல்களோடு வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். தன் கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார். "தொழில் தெரிஞ்ச கை அப்பு, விட்டுக் குடுக்காது" என்றார்.

முதலிடம் ஏன் ஓபெத்துக்கு?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஓபெத் ஸ்வீடன் நாட்டுக் குழு. இந்த ஆல்பம் 2024 நவம்பர் 22 அன்று வந்தது. கதை முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் நடக்கிறது. ஒரு பணக்காரர், பழமையில் ஊறிய குடும்பத் தலைவர், இறந்துபோகிறார். அவருடைய மாளிகையில் பிள்ளைகள் கூடியிருக்க உயில் வாசிக்கப்படுகிறது. போலியோவால் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணும் அங்கே இருக்கிறாள். யாருமற்றவள் என்று அந்த வீட்டில் வைத்து வளர்க்கப்பட்டவள். 'இவள் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாள்?' என்ற சந்தேகத்தில் கதை தொடங்கி, அவர் உயிரோடு இருந்தவரை வெளியே வராத ரகசியங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

ஆல்பத்தில் எட்டுப் பாட்டு. முதல் ஏழுக்குப் பெயர் கிடையாது. சட்டப் பத்திரங்களில் போடுவார்களே, அந்தப் பத்திக் குறியும் ஒன்று முதல் ஏழு வரை எண்ணும்தான் தலைப்பு. அதாவது ஒன்றாம் ஷரத்து, இரண்டாம் ஷரத்து என்று போகிறது. எட்டாவது பாட்டுக்கு மட்டும் பெயர் உண்டு. உயிலில் எழுதாமல் விட்டுப்போன உண்மை அந்தப் பாட்டில்தான் வருகிறது.

செட்டிநாட்டில் பிறந்த ஒருவன் இதைக் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 1998-ல் எங்கள் வீட்டுப் பாகப் பிரிவினைப் பத்திரம் வாசிக்கப்பட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பட்டாலையில் ஜமுக்காளம் விரித்திருந்தது. பர்மாவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த பணத்தில் கட்டிய வீடு. அத்தனை பங்காளிகளும் ஒன்றாக உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். வாசித்தவர் ஒவ்வொரு ஷரத்தின் எண்ணையும் அழுத்திச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் யாராவது ஒருவர் தொண்டையைச் செருமுவார். வளவில் எந்த அறை யாருக்கு, முகப்புத் தூணில் எத்தனை யாருக்கு, பித்தளைச் சாமான் எத்தனை எடை, எல்லாம் வந்தது. பத்து வயதில் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்து, வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டிலேயே வளர்ந்து, எங்களையெல்லாம் இடுப்பில் தூக்கிச் சுமந்த ஒரு அக்கா கதவோரமாக நின்றிருந்தார். கடைசி ஷரத்துவரை அவர் பெயர் வரவில்லை. வாசித்து முடித்ததும் உள்ளே போய் எல்லோருக்கும் காப்பி கலந்து கொண்டுவந்தார்.

ஓபெத்தின் மூன்றாவது ஷரத்து முடிந்து நான்காவது தொடங்கும் இடத்தில் எனக்கு அந்த ஜமுக்காளம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. இசைக்காக மட்டும் என்றாலும் இந்த ஆல்பத்துக்கு இடம் கொடுத்திருப்பேன். முதலிடம் என்றால் அது வேறு. என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த ஆல்பத்துக்குத்தான் அதைத் தர முடியும்.

இசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைவர் மீக்கேல் ஓக்கர்ஃபெல்ட் 2008-ல் வந்த 'வாட்டர்ஷெட்' ஆல்பத்துக்குப் பிறகு ஸ்டூடியோவில் உறுமிப் பாடுவதை விட்டிருந்தார். நடுவில் வந்த நான்கு ஆல்பங்களிலும் சாதாரணக் குரல்தான். 16 வருடம் கழித்து இதில் அந்த உறுமல் திரும்பி வந்திருக்கிறது, அதுவும் காரணத்தோடு. இறந்துபோன தகப்பனார் உயில் வழியாகப் பேசுவது பல இடங்களில் அந்தக் குரலில்தான். ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் புல்லாங்குழல் வாசித்திருக்கிறார், நடுநடுவே உயிலின் வாசகங்களைப் பேசவும் செய்கிறார். அவர் பேசும் நிதானத்தைக் கேட்டால் பத்திரம் வாசிப்பவரின் குரல் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது.

அந்த உறுமல் எனக்குக் கேட்கவே முடியவில்லை. அது பாட்டா?

பாட்டுதான், பயிற்சி இல்லாமல் வராது. நாம் பேசப் பயன்படுத்தும் குரல் நாண்களுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது. நன்றாகச் செய்பவர்கள் அடிவயிற்று மூச்சைக் கொண்டு அந்த மடிப்புகளை அதிர வைக்கிறார்கள். தொண்டையைக் கிழித்துக் கத்தினால் இரண்டு கச்சேரிக்கு மேல் தாங்காது.

கேட்டுப் பழக ஒரு வழி: சொல் புரிகிறதா என்று பார்க்காமல், அதை ஒரு வாத்தியமாக நினைத்துக் கேளுங்கள். உறுமி மேளத்தில் குச்சியைத் தோலில் தேய்க்கும்போது ஒரு முனகல் வருமே, அதற்கு யாரும் அர்த்தம் கேட்பதில்லை. திருவிழாவில் அந்த ஒலி எழுந்ததும் உடம்பு தானாகத் திரும்புகிறது. அதே காதோடு வாருங்கள். அப்படியும் பிடிக்கவில்லையென்றால் ஜூடாஸ் பிரீஸ்டும் புரூஸ் டிக்கின்சனும் இருக்கிறார்கள். இரண்டிலும் உறுமல் கிடையாது.

ஜூடாஸ் பிரீஸ்ட் இன்னுமா பாடுகிறார்கள்?

பாடுகிறார்கள், அதுவும் எப்படி! 1969-ல் பர்மிங்காம் பக்கத்தில் தொடங்கிய குழு. 'இன்வின்சிபிள் ஷீல்டு' அவர்களுடைய 19-வது ஸ்டூடியோ ஆல்பம், 2024 மார்ச் 8 அன்று வந்தது. பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு அப்போது 72 வயது. முதல் பாட்டிலேயே அவர் குரல் ஏறும் உயரத்தைக் கேட்டு நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். தேவகோட்டை ரோட்டில், புளிய மரத்தடியில், அந்தப் பாட்டு முடியும்வரை நின்றிருந்தேன்.

இந்தக் குழுவின் மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கு வேறு காரணங்களும் உண்டு. கிடார் கலைஞர் கிளென் டிப்டன் தனக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதை 2018-ல் வெளியே சொன்னார். முழுச் சுற்றுப்பயணம் போவதை நிறுத்திக்கொண்டாலும் குழுவை விட்டு விலகவில்லை, இந்த ஆல்பத்தின் பாட்டுகளை எழுதியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. இன்னொரு கிடார் கலைஞர் ரிச்சி ஃபாக்னர் 2021 செப்டம்பரில் அமெரிக்காவில் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோது இதயத்தின் பெருந்தமனி கிழிந்துவிட்டது. கையிலிருந்த பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினார். பத்து மணி நேரத்துக்கு மேல் அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்து வந்து வாசித்த வாசிப்புதான் இந்த ஆல்பத்தில் இருப்பது. இரண்டு கிடார்களும் ஒரே மெட்டை ஒரு சுரம் விட்டு ஒரு சுரமாகச் சேர்ந்து வாசிக்கும் இடங்களைக் கவனியுங்கள், ரெட்டை நாகஸ்வரம் கேட்ட காதுக்கு உடனே பிடிபடும்.

மூன்றாவது ஆல்பத்தில் மொத்தமே இரண்டு பாட்டுதான் என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான். பிளட் இன்கேன்டேஷன் அமெரிக்காவின் டென்வர் நகரத்துக் குழு. 2024 அக்டோபர் 4-ல் வந்த 'அப்சல்யூட் எல்ஸ்வேர்' ஆல்பத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் இரண்டு பாட்டுகள். ஒவ்வொன்றும் மூன்று பாகம். பாகங்களுக்கு 'டேப்லெட்' என்று பெயர், அந்தக் காலக் களிமண் எழுத்துப் பலகை என்ற பொருளில். பெர்லினில் ஹான்சா ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள், டேவிட் போவி 'ஹீரோஸ்' ஆல்பத்தைப் பதிவு செய்த அதே இடம். ஜெர்மனியின் டேஞ்சரின் ட்ரீம் குழுவைச் சேர்ந்த தோர்ஸ்டன் க்வேஷ்னிங் ஒரு பாகத்தில் சின்தசைசர் வாசித்திருக்கிறார்.

கேட்டால் முதலில் குழப்பமாக இருக்கும். மெட்டலிலேயே முரட்டு வகையான டெத் மெட்டல் நொறுக்கிக்கொண்டு போகும்போது திடீரென்று தரை விலகி, வெறும் வானம் மாதிரி ஒரு இசை வந்துவிடும். ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கிறதே என்று எனக்கும் இரண்டு தடவை தோன்றியது. மூன்றாவது தடவை பட்டறையில் மதிய இடைவேளையில் கேட்டேன்.

ஆத்தங்குடிக் கல்லை எப்படிச் செய்வார்கள் என்று பார்த்ததுண்டா? கீழே ஒரு கண்ணாடி. அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ டிசைன் அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் கலர்க் கலவையை ஊற்றுவார்கள். ஊற்றிய உடனே அச்சை நேராக மேலே தூக்கிவிடுவார்கள். பச்சையும் சிவப்பும் மஞ்சளும் தடுப்பில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒன்றோடு ஒன்று கலக்காது. அதன்மேல் உலர்ந்த சிமென்ட் மணல் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டி, காய வைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். அதுவரை நாம் பார்ப்பதெல்லாம் முதுகுதான். கண்ணாடியை எடுத்த பிறகுதான் முகம் தெரியும்.

அன்று அச்சைத் தூக்கும் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது பிடிபட்டது. இவர்கள் இரண்டு இசையையும் கலக்க முயற்சியே செய்யவில்லை. பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிவிட்டு அச்சைத் தூக்கியிருக்கிறார்கள். முழுவதும் ஓடி முடிந்த பிறகுதான் முகம் தெரிகிறது. அதனால் பாதியில் நிறுத்தாதீர்கள்.

மற்ற ஐந்தையும் பற்றிச் சுருக்கமாக?

ஹை ஆன் ஃபயர் பற்றிச் சுருக்க மனமில்லை. ஏப்ரலில் வந்தது. பேஸ் கிடார் வாசிக்கும் ஜெஃப் மாட்ஸ் துருக்கி நாட்டு இசையைக் கற்றுக்கொண்டவர். பாக்லமா என்ற நீளக் கழுத்துத் தந்தி வாத்தியத்தை இந்த ஆல்பத்தில் வாசித்திருக்கிறார். மண் பாதையில் லாரி போகிற மாதிரியான மெட்டலுக்கு நடுவே அந்தத் தந்தி ஒலிக்கும்போது எனக்கு வீணை ஞாபகம்தான் வந்தது. காரைக்குடி என்ற ஊர்ப் பெயர் சங்கீத உலகத்தில் நிற்பது வீணையால்தான். காரைக்குடி சகோதரர்களில் அண்ணன் சுப்பராமய்யர் வீணையை நெட்டுக்குத்தாக நிறுத்தி வாசிப்பார், தம்பி சாம்பசிவய்யர் வழக்கம்போல் மடியில் கிடத்தி வாசிப்பார். அழுத்தமான மீட்டுக்குப் பேர்போன பாணி அது. வேறு நாட்டு வாத்தியத்தை அலங்காரத்துக்கு வைக்காமல் முறையாகக் கற்று வாசித்திருப்பது இந்த ஆல்பத்தில் கேட்கும்போதே தெரிகிறது.

அல்சரேட் நியூசிலாந்தின் மூவர் குழு. இருட்டும் சிக்கலும் நிறைந்தது, ராத்திரியில் கேட்க வேண்டும். புரூஸ் டிக்கின்சன் ஐயன் மெய்டனின் பாடகர். தனி ஆல்பம் போட்டு 19 வருடம் ஆகியிருந்தது, நடுவில் நாக்கில் வந்த புற்றுநோயையும் கடந்து வந்தவர். அவர் குரலில் இப்போது வந்திருக்கும் கரகரப்பு எனக்குப் பழைய குரலைவிடப் பிடித்திருக்கிறது. நாக்ட் லூஸ் பத்துப் பாட்டையும் 27 நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள், ஒரு நொடிகூட வீண் இல்லை.

நம் நாட்டுக் குழு ஒன்றும் இல்லையா?

ஐந்தாவதாக இருப்பது பெங்களூர்க் குழுதான். கிரிப்டாஸ் 1998-ல் தொடங்கியது. 'டெசிமேட்டர்' 2024 ஜூலையில் ஜெர்மனியின் ஏ.எஃப்.எம். இசை நிறுவனம் வழியாக வந்தது. எண்பதுகளின் ஹெவி மெட்டல் பாணி, நேரான தாளம், விசில் அடிக்க வைக்கும் கிடார் மெட்டு. இந்தியக் குழு என்பதால் சலுகை எதுவும் கொடுக்கவில்லை. பெயரை மறைத்துப் போட்டுக் காட்டினாலும் இந்த இடத்தில்தான் வைப்பேன்.

டெல்லியின் பிளடிவுட் பற்றிப் பலர் கேட்டார்கள். டோலும் புல்லாங்குழலும் மெட்டலும் சேர்ந்த குழு, எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2024-ல் அவர்கள் ஆல்பம் வரவில்லை. 'நு டெல்லி' 2025 மார்ச்சில்தான் வந்தது. அது அடுத்த தாளில் வரும்.

மெட்டாலிகா எங்கே? ஐயன் மெய்டன் எங்கே?

மெட்டாலிகாவின் '72 சீசன்ஸ்' வந்தது 2023-ல். ஐயன் மெய்டனின் கடைசி ஆல்பம் 2021-ல் வந்தது. 2024 டிசம்பரில் சாவ் பாவ்லோவில் வாசித்துவிட்டு அவர்களுடைய டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன் சுற்றுப்பயணத்திலிருந்து ஓய்வு பெற்றார். 2023-ல் பக்கவாதம் வந்த பிறகும் அவர் அத்தனை மேடைகளில் வாசித்திருக்கிறார். அவர் விடைபெற்ற செய்தியைப் படித்த அன்று வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

ஒலிம்பிக்கில் மெட்டல் வாசித்தார்களாமே?

ஆமாம், கொஜிரா. பிரான்ஸ் நாட்டுக் குழு. 2024 ஜூலை 26 அன்று பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், கான்சியர்ஜெரி கட்டடத்தின் சுவரில் நின்று வாசித்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசி மரீ அன்ட்வானெத்தை அடைத்து வைத்திருந்த சிறை அது. ஓபராப் பாடகி மரீனா வியோட்டி உடன் பாடினார். ஒலிம்பிக் தொடக்க விழாவில் மெட்டல் குழு வாசித்தது அதுவே முதல் முறை. அந்தப் பாட்டுக்கு 2025-ல் கிராமி விருதும் கிடைத்தது. ஆல்பமாக வராததால் பட்டியலில் சேர்க்கவில்லை. அன்று ராத்திரி எங்கள் வீட்டு டிவி முன்னால் மூன்று தலைமுறை உட்கார்ந்திருந்தது. யாரும் சேனலை மாற்றச் சொல்லவில்லை.

இது சாத்தான் வழிபாடு இல்லையா? மண்டை ஓடு, ரத்தம் என்று படம் போடுகிறார்களே?

பயத்தோடு கேட்பவர்களிடம் நான் கோபப்படுவதில்லை. நார்வேயில் 1990-களின் தொடக்கத்தில் பிளாக் மெட்டல் என்ற வகையை வாசித்த கூட்டத்தைச் சேர்ந்த சிலர் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள், கொலையும் நடந்தது. அது குற்றம், இசையின் பேரைச் சொல்லி அதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் மெட்டல் என்றாலே அதுதான் என்பது சரியில்லை. பெரும்பாலான குழுக்களுக்கு அந்தப் படங்கள் சாவையும் பயத்தையும் நேராகப் பார்க்கும் ஒரு மொழி.

நம் ஊர் எல்லையில் அரிவாளை ஓங்கிக்கொண்டு, கண்ணை உருட்டி, மீசையை முறுக்கி நிற்கும் முனீஸ்வரனைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். காளியின் கழுத்தில் இருப்பதும் மண்டை ஓட்டு மாலைதான். முனியைக் கண்டு பயப்படும் அதே ஆள், ராத்திரிப் பயணம் கிளம்பும்போது அவரிடம் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டுதானே போகிறார்? பயங்கரமான உருவம் காவலாகவும் இருக்கும் என்பது நமக்குப் புதிதில்லை.

பிள்ளைகளைக் கேட்க விடலாமா?

சில ஆல்பங்களின் வரிகளும் அட்டைப் படங்களும் சிறுவர்களுக்கு ஏற்றவை இல்லை. முதலில் நீங்கள் படித்துப் பாருங்கள். என் அக்கா மகளுக்குப் பதினாறு வயது. அவளுக்கு கனடாவின் கிட்டி குழுவைத்தான் முதலில் கொடுத்தேன். முழுக்கப் பெண்கள் மட்டும் உள்ள குழு, 13 வருட இடைவெளிக்குப் பிறகு 2024 ஜூனில் 'ஃபயர்' என்ற ஆல்பம் போட்டார்கள். இப்போது அவள்தான் எனக்குப் புதிய குழுக்களைச் சொல்கிறாள்.

எதில் கேட்பது? பெரிய ஸ்பீக்கர் வேண்டுமா?

நல்ல ஹெட்போன் போதும். செட்டிநாட்டு வீட்டில் ஸ்பீக்கர் வைத்து மெட்டல் கேட்பது கஷ்டம், அனுபவித்துச் சொல்கிறேன். வளவில் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இழைத்த சுண்ணாம்புச் சுவர், கல் தரை, நீண்ட பத்தி. டிரம் அடி எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அடுத்த அடியின் மேல் விழுகிறது. வேகமான பாட்டு என்றால் ஒரே இரைச்சல்தான் மிஞ்சும். மெதுவான பாட்டுகள் மட்டும் அந்த வீட்டில் அழகாக ஒலிக்கின்றன. ஓபெத்தின் எட்டாவது பாட்டை முற்றத்தில் வைத்துக் கேட்டால் மேலே திறந்த வானம்வரை போகிறது.

ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகக் கேளுங்கள். எட்டில் எதுவும் ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டாது.

கச்சேரி பார்க்க எங்கே போவீர்கள்?

பெங்களூருக்குத்தான். 2007 மார்ச் 17-ல் அங்கே அரண்மனை மைதானத்தில் ஐயன் மெய்டன் வந்தபோது எனக்கு 21 வயது. ராத்திரி பஸ்ஸில் போய், மறுநாள் முழுக்க வெயிலில் நின்று, அடுத்த ராத்திரி பஸ்ஸில் திரும்பினேன். பஸ்ஸில் கட்டுச்சோறு ஒரு தூக்கு, தேன்குழல் ஒரு பொட்டலம். வரிசையில் நின்ற முன்பின் தெரியாத ஹைதராபாத் பையன்களோடு அந்தத் தேன்குழலைப் பகிர்ந்து தின்றோம். அதில் ஒருவர் இன்றும் எனக்கு வருடக் கடைசியில் தன் பட்டியலை அனுப்புகிறார். சென்னையில் ஐ.ஐ.டி. சாரங் விழாவுக்கு 2009-ல் ஓபெத்தே வந்தார்கள். அப்போது எனக்கு வேலை போட்ட இடத்தில் லீவு கிடைக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

காசு கொடுத்து வாங்க வேண்டுமா? எல்லாம்தான் போனில் வருகிறதே?

போனில் கேளுங்கள். மனதில் நின்ற ஒன்றையாவது காசு கொடுத்து வாங்குங்கள். சின்னக் குழுக்களுக்குப் போனில் கேட்பதால் கிடைப்பது மிகச் சொற்பம். பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்கினால் பெரும்பகுதி நேராகக் குழுவுக்குப் போகிறது. வருடத்துக்கு ஒரு சிடி என்று வைத்திருக்கிறேன், 2024-க்கு ஓபெத்.

வீட்டில் பெரியவர்கள் ஒன்றும் சொல்வதில்லையா?

எங்கள் அப்பத்தாவுக்கு எண்பத்தெட்டு வயது. காது நன்றாகக் கேட்கும். பொங்கல் சமயத்தில் முற்றத்துப் பக்கம் உட்கார்ந்து கவுனி அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஓபெத் போட்டிருந்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "குழல் நல்லாத்தான் இருக்கு. அந்த ஆளுக்கு ஏனப்பு இம்புட்டுக் கோவம்?" என்றார்.

கதையைச் சொன்னேன். பெரிய வீடு, பெரிய மனுசர், உயில் வாசிக்கிறார்கள், அந்த வீட்டிலேயே வளர்ந்த ஒரு புள்ளை ஓரமாக உட்கார்ந்திருக்கிறது என்று. அப்பத்தா அரிசியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அந்தப் புள்ளைக்கு என்ன குடுத்தாக?"

"எல்லாத்தையும் அப்பத்தா. வீடு வாசல் எல்லாம் அவளுக்குத்தான்."

ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் கட்டுப் பக்கம் பார்த்தபடி இருந்தார். அப்புறம் சுளகை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "அதை வாசிக்கிற எடத்தை இன்னொருக்கா வையி" என்றார்.